அல்டோ கஸ்டெல்லானி: பறங்கி நோயின் கிருமியைக் கண்டவர்

பதுளை நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு பசறையையும் லுணுகலையையும் கடந்து பிபிலையை நோக்கி இறங்குகின்றது. புறப்படும் பொழுது வலப்புறத்தே 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நமுனுகுலை மலை நிற்கும். சரிவுகளெங்கும் தேயிலைப் பசுமை. இடையிடையே தொழிற்சாலைகளும் லயங்களும். இறங்க இறங்கக் குளிர் குறையும், தேயிலை அருகும், ஈற்றில் வெப்பமும் வறட்சியும் மிக்க காட்டுநாடு எதிர்ப்படும். அதுவே பழைய வெல்லஸ்ஸ. மேலே துரைமாரும் கங்காணிமாரும் தொழிலாளரும் வாழ்ந்த தோட்டவுலகம். கீழே குளமும் சேனையும் நம்பி வாழ்ந்த கிராமவுலகம். ஊவா என்னும் ஒரே மாகாணத்துள் இவ்விரண்டும் அடங்கின.

கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் இவ்விரு உலகங்களின் தலைவிதியையும் மாற்றின என்பது வரலாறு. 1869 ஆம் ஆண்டிலே பதுளைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொடிபோன்ற ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிவதற்குள் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை அழிந்தது. மலைகள் தேயிலைக்கு மாறின. தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் பருவத்துக்கு வந்து திரும்பும் வழக்கம் குன்றி, ஆண்டு முழுவதும் தோட்டங்களிலேயே தங்கலாயினர். அதே காலத்திற் கீழ்நாட்டுக் கிராமங்களில் மற்றொரு சிற்றுயிர் பயிரையன்றி மனிதரையே, அதிலும் சிறப்பாகக் குழந்தைகளையே, பற்றித் தின்றுகொண்டிருந்தது. அந்நோயின் பெயர் பறங்கி. அதன் கிருமியை 1905 ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து உலகுக்குக் காட்டியவர் அல்டோ கஸ்டெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர். அன்னாரின் வாழ்வையும், அவர் தொடங்கிவைத்த வினாவுக்கு அவர் மறைந்த பின்னர் கிடைத்த விடையையும் ஈண்டு நோக்குவோம்.

பறங்கி என்னும் பெயர்

பறங்கியர் என்பது போர்த்துக்கேயருக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர். அவர்களே இந்நோயைக் கொணர்ந்தனர் என்னும் நம்பிக்கையால் நோய்க்கும் அப்பெயர் ஒட்டிற்று. சிங்கள மக்களும் அதனைப் பறங்கி என்றே வழங்கினர். சித்த மருத்துவர் புண்ணுக்கும் சொறிக்கும் மேகத்துக்கும் கொடுத்துவந்த பறங்கிப்பட்டை என்னும் கிழங்கு இன்றும் நாட்டுமருந்துக் கடைகளில் அப்பெயரோடு கிடைக்கின்றது. நோயைப் பிறன் வாயிலில் வைத்துவிடும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலே மேகநோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர்.

ஆங்கில மருத்துவர் யாஸ் என்று வழங்கும் இப்பறங்கி நோய், புண்ணுடைய தோல் மற்றொரு தோலின் கீறலிலே படுவதாற் பரவுவது. நோயாளரிற் பெரும்பாலோர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறாரே. முதலிற் காலிலோ கையிலோ ஒரு கொப்புளம் தோன்றி, பெரிதாகிப் பழம்போலச் சிவந்து கசியும். சில மாதங்களில் அது ஆறிவிடும்; ஆனால் உடலெங்கும் புதிய புண்கள் எழும். உள்ளங்கால் வெடித்து நடக்க முடியாது போகும். ஆண்டுகள் பல கழிந்தபின் எலும்பும் மூக்கும் சிதைந்து முகமே உருக்குலைவதும் உண்டு. உயிரை விரைந்து பறிப்பதில்லை; வாழ்வை மெல்ல மெல்லப் பறிக்கும்.

இந்நோய்க்கு மற்றொரு கொடுமையும் இருந்தது. புண்ணின் தோற்றத்தாலும் பிந்திய விளைவுகளாலும் இது மேகநோயை ஒத்திருந்தமையின், இரண்டும் ஒன்றே என்று வாதித்த மருத்துவர் பலர். அதனால் ஒழுக்கக் கேட்டின் பழி, பாவமறியாச் சிறுவர்மீதும் அவர்தம் பெற்றோர்மீதும் விழுந்தது. இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி என்பார் 1881 இல் இந்நோய்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். வறுமையும் தீய நீரும் குறையுணவுமே இதனை வளர்ப்பன என்ற கருத்து அக்கால அதிகாரிகளிடையே நிலவிற்று. 1818 இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது வயலும் வீடும் குளமும் அழிக்கப்பட்டு, பஞ்சத்துக்கு இரையான நாடு அது என்பதை நினைந்தால், அக்கருத்தில் உண்மையின் ஒரு கூறு இருந்தமை விளங்கும். ஆயினும் நோயின் வித்து எது என்று எவரும் அறியார்.

புளோரன்ஸ் முதற் கொழும்பு வரை

கஸ்டெல்லானி பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளிலே இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்று 1899 இற் பட்டம் பெற்றார். பின்னர் ஜேர்மனியின் பொன் நகரிற் கிருமியியல் ஆராய்ந்தார். அங்கு அவர் வகுத்த முறையொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஒரு விலங்கின் குருதியில் இருவகைக் கிருமிகளுக்கு எதிரான பொருள்கள் கலந்திருப்பின், அவற்றை எங்ஙனம் பிரித்தறிவது? முதற் கிருமியை அக்குருதித் தெளிவிற் கலந்தால், தனக்குரிய பிறபொருளெதிரியை மட்டும் அது உறிஞ்சிக்கொள்ளும், எஞ்சுவது மற்றையதற்குரியது. ஒன்றை நீக்கிப் பார்த்து மற்றொன்றை அறியும் இவ்வெளிய தருக்கமே அவருடைய ஆராய்ச்சி வாழ்வின் ஆணிவேர் எனலாம்.

1901 இல் அவர் இலண்டன் வெப்பவலய மருத்துவக் கல்லூரிக்குச் சென்று பற்றிக் மான்சனின் ஆதரவைப் பெற்றார். அடுத்த ஆண்டில், உகண்டாவில் இலட்சக்கணக்கானோரை மாய்த்துக்கொண்டிருந்த தூக்க நோயை ஆராய றோயல் சங்கம் அனுப்பிய மூவர் குழுவில் இவ்விளைஞரும் ஒருவரானார். முதலில் ஒருவகைக் கோளக் கிருமியே நோய்க்குக் காரணமென்று அவர் பிழைபடக் கருதினார். பின்னர் நோயாளரின் முள்ளந்தண்டுப் பாய்பொருளில் நெளியும் திரிப்பனோசோம் என்னும் ஒருகல உயிரைக் கண்டார். 1903 இல் அங்குவந்த டேவிட் புரூஸ் அவ்வழியே சென்று நோயின் முழுக் கதையையும் வெளிப்படுத்தினார். கண்டுபிடிப்பின் பெருமை எவரைச் சாரும் என்ற பிணக்குப் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் நீடித்தது.

அந்தக் கசப்போடு 1903 இல் அவர் இலங்கை வந்தார். கொழும்பிலுள்ள பற்றீரியவியல் நிலையத்தின் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார். 1915 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் இத்தீவில் வாழ்ந்தார். அவர் வந்த காலத்திற் புகைவண்டி பண்டாரவளையோடு நின்றது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924 இலேதான்.

ஒரு திருகுயிர்

1905 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கஸ்டெல்லானி பறங்கிப் புண்களிலிருந்து சுரண்டியெடுத்த நீரைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கினார். மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியதாய், தக்கைத் திருகுபோல் முறுக்குண்ட ஓர் உயிர் அங்குத் தென்பட்டது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்களவே. சாயத்தையும் எளிதில் ஏற்காத அந்நுண்ணுயிரைக் காண்பதற்குக் கூரிய கண்ணும் குன்றாப் பொறுமையும் வேண்டியிருந்தன. மிக மெல்லியது என்னும் பொருள்பட அதற்குப் பேட்டெனுயி என்று அவர் பெயரிட்டார். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜேர்மனியில் ஷௌடின், ஹொவ்மன் என்னும் இருவர் மேகநோய்ப் புண்ணில் இதையொத்த திருகுயிரைக் கண்டனர். இரு நோய்களும், நெடுங்கால ஐயத்தின்பின், ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தன.

ஆயினும் புண்ணிற் காணப்படுவதெல்லாம் புண்ணின் காரணமாகிவிடாது. உகண்டாவிற் பட்ட அனுபவம் அவருக்கு அதனை நன்கு கற்பித்திருந்தது. ஆகவே மீண்டும் நீக்கிப் பார்க்கும் தருக்கத்தைக் கைக்கொண்டார். புண்ணின் நீரைக் குரங்குகளுக்கு ஏற்றினார், நோய் கண்டது. அந்நீரையே நுண்வடியினூடாக வடித்துத் திருகுயிர்களை அகற்றிவிட்டு ஏற்றினார், நோய் காணவில்லை. எஞ்சியதெல்லாம் இருந்தும் திருகுயிர் இல்லாத இடத்து நோயும் இல்லை. பறங்கி கண்ட குரங்கை மேகம் பற்றாது விடவில்லை என்பதும் அக்கால ஆய்வுகளால் தெரியவந்தது. அதனால் இரண்டும் வேறு என்னும் கருத்து வலுப்பெற்றது. காட்டுக் கிராமத்துச் சிறுவனின் காற்புண், எவருடைய ஒழுக்கத்துக்கும் சான்றன்று என்று சொல்வதற்கு மருத்துவருக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது. கஸ்டெல்லானியின் இலங்கைப் பணிகளுள் இதனையே தலையாயதாக யாம் மதிக்கின்றோம்.

தேயிலையும் தடுப்பூசியும்

தேயிலையின் தரத்தை மணத்தாலும் சுவையாலும் அறியும் தொழிலாளரிடையே ஒருவகை நீங்கா இருமல் இருத்தலைக் கண்டு, பூஞ்சணமே அதற்குக் காரணமென அவர் எழுதினார். தேயிலை சுவைப்போர் இருமல் என்னும் பெயர் அவரால் மருத்துவ நூல்களில் ஏறிற்று. தோற் படர்தாமரைக்கு அவர் பின்னாளில் வகுத்த செந்நிறப் பூச்சுமருந்து, உலகின் பல பாகங்களில் மருந்தகங்களின் தட்டுகளில் நெடுங்காலம் இடம்பெற்றது. மருத்துவக் கல்லூரியின் பதிவாளராயிருந்த சாமர்ஸ் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய வெப்பவலய மருத்துவ நூல் 1910 இல் வெளியாகி, பல பதிப்புக் கண்டு, வெப்ப நாடுகளில் தொழில்செய்த மருத்துவர் தலைமுறையொன்றின் கைந்நூலாயிற்று.

நெருப்புக்காய்ச்சலுக்கு எதிராகக் கொல்லப்பட்ட கிருமிகளை ஊசிமூலம் ஏற்றும் முறை அந்நாளிற் புதிது. அக்காய்ச்சலை ஒத்த வேறு இரு காய்ச்சல்களின் கிருமிகளையும் அதனோடு ஒரே ஊசியிற் கலந்து கொடுக்கலாம் எனக் கஸ்டெல்லானி இலங்கையில் ஆராய்ந்து காட்டினார். பல கிருமிகளை ஒருங்கே கொடுத்தால் ஒன்றின் பயனை மற்றொன்று கெடுக்கும் என்று அஞ்சியோர் பலர். அவ்வச்சம் வீணென்பதை அவர் நிறுவினார். முதலாம் உலகப் போரிற் படைவீரர் பெற்ற கலப்பூசிக்கு இவ்வாராய்ச்சி வழிகாட்டிற்று. இன்று குழந்தைக்கு ஓர் ஊசியில் மூன்று, ஐந்து நோய்களுக்குத் தடுப்பளிக்கும் முறையின் தொடக்கமும் இத்தகைய முயற்சிகளிலேதான் உள்ளது.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டையும் சுட்டுதல் தகும். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்குமாறு 1872 இலும் பின்னர் 1912 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை செவ்வனே நடைமுறைக்கு வந்தன என்பதன்று. லயங்களின் நெருக்கத்திற் கொளுக்கிப்புழுவும் வயிற்றுளைவும் பல்லாயிரவரை வருத்தின. ஆயினும் தொழிலாளி நோயுற்றாற் கொழுந்து குறையும் என்ற கணக்கேனும் அங்கிருந்தது. கீழ்நாட்டுக் கிராமத்துப் பறங்கிச் சிறுவனின் காற்புண்ணால் எவருடைய வருமானமும் குறைவதில்லை. ஒரே மாகாணத்தின் இரு பாதிகளுக்கும் கிடைத்த கவனத்தின் அளவை வேறுபடுத்தியது இக்கணக்கே.

விடையின் மறுபாதி

திருகுயிரை நீக்கினால் நோய் இல்லை என்பது தெளிவாயிற்று. ஆனால், திருகுயிர் என்ன செய்து புண்ணை உண்டாக்குகின்றது? இவ்வினாவுக்குக் கஸ்டெல்லானியின் காலம் விடையறியாது. தொண்டைக்கரப்பான் கிருமிபோல் நச்சுநீர் எதையும் இது கக்குவதாகத் தெரியவில்லை. ஏனைய பற்றீரியாக்களைப்போல் ஆய்வுக் கிண்ணத்தில் வளர்க்கவும் இயலவில்லை. முயலின் உடலிலேயே நெடுங்காலம் இவ்வினத்தை வளர்த்து ஆராயவேண்டியிருந்தது.

விடையின் முதற்படி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1969 இல் ஜேர்மனியின் டூபிங்கன் நகரில் வொல்க்மார் பிரவுன் என்பார், நம் குடலில் வாழும் சாதாரண பற்றீரியா ஒன்றின் சுவரிலிருந்து விந்தையான புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். அப்புரதத்தின் ஒரு நுனியிற் கொழுப்பமிலங்கள் மூன்று வால்போல் ஒட்டியிருந்தன. கொழுப்பு வால் கிருமியின் மென்சவ்வுக்குள் வேரூன்றும். புரதவுடல் வெளியே நின்று தன் தொழிலைச் செய்யும். கொழுப்புப் புரதம் என்று இதனை அழைப்போம். பின்னர் எண்ணற்ற பற்றீரியாக்களில் இவ்வகை காணப்பட்டது. புரதம் கிருமிக்குக் கிருமி வேறுபடும்; வால் கட்டப்பட்டிருக்கும் முறையோ எங்கும் ஏறத்தாழ ஒன்றே. நம் உடலின் கலங்கள் அத்தகைய வாலை ஆக்குவதில்லை. ஆகவே, வாலைக் கண்டால் வந்தது அந்நியன் என்று துணியலாம்.

அதனைக் காணும் கண் எது? உடலிற் புகும் கிருமிகளை விழுங்கும் தின்குழியங்களை 1882 இல் மெச்னிக்கொவ் என்னும் உருசிய அறிஞர் கண்டறிந்து, 1908 இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் தின்குழியம் அந்நியனை எங்ஙனம் அடையாளங் காண்கின்றது என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை மறைபொருளாகவே இருந்தது. பழ ஈயில் முதலில் அறியப்பட்ட டோல் என்னும் புரதத்தை ஒத்த வாங்கிகள் மனிதக் கலங்களின் மேற்பரப்பிலும் உள்ளன என 1997 ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. 1999 இற் பல ஆய்வுகூடங்கள், அவ்வாங்கிகளுள் இரண்டாவது எனப்படுவதே பற்றீரியாவின் கொழுப்புப் புரதத்தை உணர்வது என்று நிறுவின. 2007 இல் அதன் முப்பரிமாண வடிவமும் வெளியாயிற்று. மூன்று வால்களுள் இரண்டு இவ்வாங்கியின் குழியொன்றிற் புதைகின்றன. மூன்றாவது வால் முதலாவது வாங்கியின் குழியிற் பொருந்துகின்றது. இங்ஙனம் ஒரு கொழுப்புப் புரதம் இரு வாங்கிகளையும் கைகோக்கச் செய்கின்றது.

கைகோத்த கணத்திலே கலத்தின் உட்புறத்தில் அவற்றின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. தூதுப் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தியைக் கடத்த, ஈற்றில் அது கலத்தின் கருவை அடைந்து, உறங்கிக்கிடந்த பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. தின்குழியம் அழற்சித் தூதுப்பொருள்களைச் சுரக்கின்றது. குருதிக் குழாய்கள் விரிகின்றன, வெண்குழியங்கள் அவ்விடத்துக்குத் திரண்டு வருகின்றன, காய்ச்சல் காய்கின்றது, பின்னர் வந்து பொருதவேண்டிய நிணநீர்க் கலங்களுக்கும் அழைப்புப் போகின்றது.

பறங்கியும் மேகமும் விளைக்கும் திருகுயிர்களின் கதையில் இது மிக முக்கியமாகின்றது. பற்றீரியாக்கள் பலவற்றின் வெளிச்சுவரில் நம் கலங்களைக் கடுமையாகத் தூண்டும் கொழுப்புச் சர்க்கரைப் பொருளொன்று உண்டு. இத்திருகுயிர்களிடம் அது இல்லை. 1998 இல் மேகத் திருகுயிரின் பரம்பரை எழுத்து முழுவதும் வாசிக்கப்பட்டபோது, அதனை ஆக்கும் ஆற்றலே அதற்கில்லை என்பது உறுதியாயிற்று. உடலைத் தூண்டுவன பெரும்பாலும் அதன் கொழுப்புப் புரதங்களே. அவற்றிலும் பெரும்பாலான வெளிச்சவ்வுக்கு உள்ளே மறைந்து கிடப்பன. உயிரோடிருக்கும் திருகுயிர் போர்வை போர்த்த கள்வனைப்போல் நம் காவலரிடையே நடமாடுகின்றது. அது சிதைந்து உடையும்போதே உள்ளிருந்த வால்கள் வெளிப்பட்டுக் காவலை எழுப்புகின்றன. மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் நோயாளி நடுங்கிக் காய்ச்சலுறுவது பழைய மருத்துவருக்குப் புதிராயிருந்தது. கூட்டமாகச் சாகும் திருகுயிர்களின் கொழுப்புப் புரதங்களே அதன் முதன்மைக் காரணமென இன்று கருதப்படுகின்றது.

இதனை நிறுவிய முறையைக் கேட்டாற் கஸ்டெல்லானி மகிழ்ந்திருப்பார். திருகுயிரின் புரதத்தைக் கொழுப்பு வாலோடு தின்குழியங்களுக்குக் கொடுத்தனர், அவை கிளர்ந்தெழுந்தன. அதே புரதத்தை வால் நீக்கிக் கொடுத்தனர், அவை அசையவில்லை. புரதவுடலின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, வாலையும் அதனோடு ஒட்டிய சிறு துண்டையும் மட்டும் ஆய்வுகூடத்தில் தொகுத்துக் கொடுத்தனர், மீண்டும் கிளர்ந்தன. கொழும்பில் வடியைக் கொண்டு அவர் செய்த சோதனையும் இதுவும் தருக்கத்தால் உடன்பிறந்தவை. அவர் புண்ணிலிருந்து கிருமியை நீக்கிப் பார்த்தார். பின்வந்தோர் கிருமியின் புரதத்திலிருந்து வாலை நீக்கிப் பார்த்தனர். பறங்கிச் சிறுவனின் காலிற் சிவந்து கசிந்த அப்புண், வந்த கிருமியும் எதிர்த்த உடலும் சேர்ந்து ஆக்கியது. அவருடைய கலப்பூசி கையை வீங்கச் செய்து காய்ச்சல் தந்ததன் காரணமும் ஓரளவு இதுவே. கொல்லப்பட்ட கிருமியின் சுவரிலும் இத்தகைய தூண்டுபொருள்கள் அழியாமல் இருந்தன. அத்தூண்டலின்றிப் பிறபொருளெதிரி செம்மையாக உருவாவதும் அரிது.

மற்றொரு செய்தியும் உண்டு. பறங்கித் திருகுயிரின் பரம்பரை எழுத்து 2012 இல் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, மேகத் திருகுயிருக்கும் அதற்கும் ஆயிரத்தில் இரண்டு எழுத்துக்கும் குறைவான வேறுபாடே காணப்பட்டது. இரண்டும் ஒன்றென்றோர் முற்றும் பிழைபடவில்லை. வேறென்ற கஸ்டெல்லானியும் பிழைபடவில்லை. உறவால் அவை நெருங்கியவை. பரவும் வழியாலும் பற்றும் ஆளாலும் வேறானவை. நோயாளியின் மானத்தைப் பொறுத்தவரை அவ்வேறுபாடே பெரிது.

புகழும் மாசும்

1915 இல் இலங்கையை நீங்கிய கஸ்டெல்லானி நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். போர்க்காலத்திற் சேர்பியாவிலும் பணிபுரிந்தார். பின்னர் இலண்டனில் மருத்துவம் நடத்தினார், அமெரிக்காவிற் கற்பித்தார், உரோமாபுரியில் வெப்பவலய நோய்களுக்கான நிலையத்தை வழிநடத்தினார். பிரித்தானியா அவருக்குச் சேர் பட்டம் அளித்தது. அரசரும் அமைச்சரும் செல்வரும் அவரை நாடினர். முசோலினியும் அவருடைய மருத்துவ உதவியைப் பெற்றவருள் ஒருவர்.

1935 இல் இத்தாலி எதியோப்பியாமீது படையெடுத்தபோது, அப்படையின் மருத்துவப் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. வெப்பநாட்டுப் போர்களில் நோயால் மாள்வோர் தொகையே பெரிதாயிருந்த நிலைமாறி, அப்போரில் இத்தாலியப் படையின் நோய்ச்சாவு வியக்கத்தக்க அளவிற் குறைந்தது. கொழும்பிற் கற்றவற்றையெல்லாம் அவர் அங்குப் பயன்படுத்தினார். ஆனால் அவர் காத்தளித்த அப்படைதான் எதியோப்பிய மக்கள்மீது நச்சுவாயுவைப் பொழிந்தது. வறிய நாட்டுச் சிறுவரின் புண்ணை ஆராய்ந்து புகழ்பெற்ற அறிவு, வறிய நாடொன்றை அடக்கும் படைக்குத் துணைபோயிற்று. அதற்காக அவருக்குப் பிரபுப் பட்டமும் கிடைத்தது. இம்மாசு அவர் வரலாற்றிலிருந்து கழுவப்படக் கூடியதன்று, மறைப்பதும் அறமன்று.

இத்தாலியில் முடியாட்சி 1946 இல் வீழ்ந்தது. நாடு கடந்த அரச குடும்பத்தைப் பின்பற்றி அவரும் போர்த்துக்கல் சென்றார். லிஸ்பன் நகரின் வெப்பவலய மருத்துவ நிலையத்தில் முதுமையிலும் கற்பித்தார். 1960 இல் தன்வரலாறு வெளியிட்டார். 1971 ஒக்டோபரில் அந்நகரிலேயே காலமானார். பறங்கியின் கிருமியைக் கண்டவர் பறங்கியர் தலைநகரிலே கண்ணை மூடினார்.

எஞ்சியது

பறங்கிக்கு 1910 இன் பின்னர் எர்லிக்கின் நச்சுப்பாடாண மருந்து பயன்பட்டது. பின்னர் பெனிசிலின் வந்தது. ஓர் ஊசியாலேயே புண் ஆறிற்று. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யூனிசெவும் நாற்பத்தாறு நாடுகளில் நடத்திய இயக்கத்தில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் சிகிச்சை பெற்றனர். உலகின் பறங்கி நோயாளர் தொகை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறைந்தது. 2012 இல், அசித்திரோமைசின் என்னும் வாய்வழி மருந்தின் ஒரே வேளையும் ஊசிக்கு நிகரானதென்று பப்புவா நியூகினியில் நடந்த ஆய்வு காட்டிற்று. 2016 இல் இந்தியா இந்நோயற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் மேற்காபிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும், தெருக்கள் முடிந்துபோகும் ஊர்களின் சிறாரை இது இன்னும் விட்டகலவில்லை. கொழுப்பு வாலின் வடிவத்தை அணுவணுவாக அறிந்துவிட்ட இக்காலத்திலும், ஒரு வேளை மருந்து அவ்வூர்களைச் சென்றடையாமையே காரணம்.

வெல்லஸ்ஸக் கிராமங்களில் இன்று இப்பெயரைச் சொன்னால் முதியோர் சிலரே நினைவுகூர்வர். நாட்டுமருந்துக் கடையிற் பறங்கிப்பட்டை கேட்டு வாங்கும் மாணவனுக்கு அப்பெயரின் வரலாறு தெரியாது. பதுளையிலும் பசறையிலும் பிபிலையிலும் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர், நிர்ப்பீடனம் என்னும் பாடத்துக்கு வரும்பொழுது அயல்நாட்டு எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை. தம் பள்ளியின் வாயிலைக் கடந்து செல்லும் தெருவே அந்நோய் வாழ்ந்த நாட்டுக்குச் செல்கின்றது என்று அவர் சொல்லலாம். அதனைக் கண்டறிந்தவரின் கூர்மையையும் வீழ்ச்சியையும் மறையாது சொல்லலாம். நோயாளியின் புண்ணைப் பழியாக்கிய பேதைமையையும் உடன் சொல்லலாம்.